மாமியார் வரும் வாரம் மாநாடு

இனிமேல் இந்த வீட்டில் திறமூல மென்பொருள் மட்டுமே ஓடும் என்று நம்மவர் அறிவித்தபோது மனைவி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு கணினி. அது ஓடிப் பல காலம் ஆகிறது; அவ்வப்போது நகரும்.

நம்மவர் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. பக்கத்து மேசைக்காரர் சாப்பாட்டு வேளையில் பேசிய பேச்சில் டப்பாவை மூடக்கூட மறந்து, புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர் போல வீடு திரும்பியிருந்தார்.

"இதோட மகிமை என்னன்னு தெரியுமா? உள்ள என்ன எழுதியிருக்குன்னு யார் வேணும்னாலும் பார்க்கலாம், திருத்தலாம், மத்தவங்களுக்கும் கொடுக்கலாம். ஒளிவு மறைவே கிடையாது."

"அப்ப உங்களுக்கு ஒத்துவராதுங்க. நீங்க செல்போனையே கவுத்துத்தான வைக்கறீங்க."

நம்மவர் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிறு முழுக்கக் கணினியோடு மல்லுக்கட்டினார். சாயங்காலத்துக்குள் பழைய மென்பொருள் போய்ப் புதியது வந்தது. கூடவே சத்தம் போனது. திரையில் பாடகி வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

புதியவர்களுக்கென்று இணையத்தில் ஓர் உதவிக் குழு இருந்தது. அங்கே யாரும் சொந்தப் பெயரில் வருவதில்லை. நம்மவர் 'வீட்டுச்சிங்கம்' என்று சேர்ந்து, தன் கணினி ஊமையாகிவிட்டதாக ஒரு பக்கத்துக்குப் புலம்பினார். 'கட்டெறும்பு' என்பவரிடமிருந்து பதில் வந்தது.

"ஒலியை நீங்களே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். ஒலிபெருக்கிப் படம் போட்ட பொத்தானை அழுத்தவும். அடுத்த முறை புலம்புவதற்கு முன் விசைப்பலகையைக் கொஞ்சம் பார்க்கவும்."

அழுத்தினார். வீடே அலறியது. நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. முகம் தெரியாத ஒருவர், பைசா வாங்காமல் இப்படித் திட்டுவதென்றால் எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று உருகினார்.

அன்று முதல் கட்டெறும்பு வைத்ததே சட்டம். மேசையைத் துடைக்கவும் என்றார், துடைத்தார். ஈரத்துண்டை நாற்காலி முதுகில் போடும் பழக்கமிருந்தால் விடவும், கணினிக்கு ஆகாது என்றார், அதையும் விட்டார்.

"இதையேதாங்க கல்யாணமான நாள்லேர்ந்து நான் கத்தறேன்."

"நீ சொல்றது நச்சரிப்பு. அவர் சொல்றது தொழில்நுட்பம். எங்கயோ உட்கார்ந்துகிட்டு என் துண்டு வரைக்கும் பார்க்கறார் பாரு. மகான்டி அவர்."

"இருக்கும் இருக்கும்," என்று மனைவி போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்து குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"சனிக்கிழமை அம்மா வர்றாங்க. ஒரு வாரம் இருப்பாங்க."

மாமியார் மின்வாரியத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் நுழைந்ததும் நம்மவரின் சாய்வு நாற்காலியில் அமர்வார். பிறகு டிவி ரிமோட் அவர் கைக்குப் போகும், மத்தியானத் தூக்கம் மண்ணாய்ப் போகும். ஓய்வுக்காலத்தில் என்ன செய்கிறீர்கள் என்று நம்மவர் அவரை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பதிலையும் கேட்டுத் தொலைக்க வேண்டுமே.

நம்மவர் கட்டெறும்பின் காலைப் பிடித்தார். "மாமியார் வருகிறார். நான் தப்பிக்க வேண்டும். வெளியூரில் திறமூல மாநாடு என்று ஓர் அழைப்பு அனுப்பினால் போதும், குருவே."

"மாமியார் அவ்வளவு மோசமா?" என்று பதில் வந்தது.

கேட்டதுதான் தாமதம், மடை திறந்துவிட்டது. நாற்காலியில் தொடங்கி மூக்குக்கண்ணாடி வழியாகக் குறட்டைக்கு வந்தார் நம்மவர். "அவர் தூங்க ஆரம்பித்தால் அடுத்த தெரு நாய் எழுந்து பதில் சொல்லும்" என்று எழுதிவிட்டு, தானே படித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

"விவரம் போதும்," என்றது கட்டெறும்பு. "அழைப்பு வரும். சனிக்கிழமை காலை பையோடு வாசலில் நிற்கவும். மாநாட்டுக் குழுவே வீட்டுக்கு வந்து உங்களைப் பார்த்துக்கொள்ளும்."

அழைப்பும் வந்தது. மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பெரிய கௌரவமாச்சே. அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன், நீங்க கவலைப்படாதீங்க."

இவ்வளவு சுலபமாக மனைவி எதற்கும் சம்மதித்ததில்லை. அதிலாவது நம்மவருக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். அவர் பாட்டுக்குச் சீட்டியடித்துக்கொண்டு சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

சனிக்கிழமை சவரம் செய்து, பையோடு வாசலில் நின்றார். கார் வந்தது. இறங்கியவர் மாமியார். மனைவி ஓடி வந்து அவர் கையிலிருந்து வாங்கிய மடிக்கணினியின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டெறும்புப் படம் ஒட்டியிருந்தது.

நம்மவர் கையிலிருந்து பை நழுவியது.

"ரிட்டயர் ஆனதுலேர்ந்து அந்தக் குழுவை அம்மாதான் நடத்தறாங்க," என்றாள் மனைவி. "அங்க போய் வீட்டுச்சிங்கம்னு ஒருத்தர் சேர்ந்திருக்கார், அவர் துண்டை எங்க போடறார் தெரியுமான்னு நான்தான் சொன்னேன். ஒளிவு மறைவே கிடையாதுன்னீங்களே."

நம்மவருக்கு வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அழுத்துவதற்குப் பொத்தான் எதுவும் தென்படவில்லை.

மாமியார் நேராக உள்ளே போய்ச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து மடிக்கணினியைத் திறந்தார்.

"உட்காருங்க மாப்பிள்ளை, மாநாட்டை ஆரம்பிச்சிடலாம். முதல் அமர்வு குறட்டையைப் பத்தி. எழுதினது நீங்க, நீங்களே வாசிங்க."