வால் அறுந்த இணையப் பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன். பேசாமல் இருப்பவர்களுக்கு உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது. இதைக் காகிதத்தில் எழுதக் காரணம் பாசம் அல்ல. மின்னஞ்சல் செத்துவிட்டது.

நம் பம்பு கம்பெனியின் இணையப் பெயருக்குப் பின்னால் உன் நாட்டின் இரண்டெழுத்து வால் இருக்கிறதே, அங்கே குடியிருப்பவருக்குத்தான் அதைத் தருவார்கள் என்பதால் உன் பெயரில் பதிந்தோம். வேறு சில நாடுகளின் வாலோடும் பெயர் வாங்கி வைத்தேன். அத்தோடு நீ வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "ஒரு பம்புகூடப் போகாத நாட்டுக்கெல்லாம் பேர் வாங்கி வைக்கிறீங்களேண்ணா, காலி மனைக்கு போர்டு மாட்டுற மாதிரி" என்று டீலர்கள் முன்னால் சிரித்தாய். நான் யாரிடமும் கைகட்டிப் படித்தவன் இல்லை. இந்த டொமைன் விவகாரத்தையும் நானே உட்கார்ந்து கற்றவன். அன்றைக்கே பதிவிலிருந்த உன் மின்னஞ்சலை அழித்துவிட்டுக் கம்பெனி மின்னஞ்சலைப் போட்டேன். அதுவும் அதே வால் கொண்ட முகவரி. என்ன பொருத்தம் என்று எனக்குப் பெருமை வேறு. வங்கி அட்டை காலாவதியானதில் புதுப்பிப்பு நின்றது, பெயரை முடக்கினார்கள், முடக்கிய செய்தியை அந்த முகவரிக்கே அனுப்பினார்கள், பெயரோடு முகவரியும் செத்திருந்தது, திறப்பதற்கான ரகசிய எண்ணையும் அங்கேயேதான் அனுப்புகிறார்கள். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் நிற்கிறேன். பம்பு போகாத நாட்டுப் பெயர்களெல்லாம் ஜோராக இருக்கின்றன. பம்பு போகிற ஒரே வெளிநாடான உன்னுடையதுதான் இருண்டு கிடக்கிறது. ஆர்டர் இல்லாமல் இரண்டாவது ஷிப்டை நிறுத்திவிட்டேன். அடுத்து ஆட்களை நிறுத்த வேண்டும்.

"சித்தப்பாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேம்ப்பா" என்றாள் என் மகள்.

"அவன்கிட்டயா? அதுக்குக் கம்பெனிய இழுத்துப் பூட்டிடுவேன்."

"நீங்க எதுக்குப் பூட்டணும்? அதான் தானாவே பூட்டிக்கிச்சே."

அதனால் நான் உன்னைக் கேட்கவில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்: குடியிருப்புச் சான்றோடு நீ அங்குள்ள பதிவு அலுவலகத்துக்கு நேரில் போனால் பெயர் திரும்பக் கிடைக்குமாம். போ என்று நான் சொல்லவில்லை.

வீட்டில் எல்லோருக்கும் என் ஆசிகள். உனக்கும் சேர்த்துத்தான், மூத்தவனாகப் பிறந்துவிட்டேன், வேறு வழியில்லை.

உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டும்போது மகள் ஓடிவந்தாள். பெயருக்கு உயிர் வந்துவிட்டதாம். நீயே போய்ப் புதுப்பித்திருக்கிறாயாம், அதுவும் பத்து வருடத்துக்கு. நான் அவ்வளவு நாள் ஓடுவேன் என்று உனக்கு யார் சொன்னது? பெயர் போனதை உனக்குச் சொன்னது தானில்லை என்று அவள் சத்தியம் செய்கிறாள். அப்படியென்றால் பேசாத இத்தனை நாளும் நீ நம் கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். அதில் பம்பு விவரமும் என் போட்டோவும் தவிர ஒன்றும் கிடையாது. நீ இருப்பது அடுக்குமாடியில். பம்பு வாங்கத் திறந்திருக்க மாட்டாய்.

பதிவில் மறுபடியும் உன் மின்னஞ்சல் இருக்கிறதாம். இருந்துவிட்டுப் போகட்டும்.