இருபத்திரண்டாவது தலை

ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கத்தை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்பது என் வாழ்நாள் கொள்கை. அதை உடைக்க என் மனைவி கொண்டுவந்த ஆயுதம், இயற்கை நடை. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் காட்டை ஒரு வழிகாட்டி இலவசமாகச் சுற்றிக் காட்டுகிறாராம். அந்தக் காட்டை நான் மொட்டை மாடியிலிருந்து தினமும் பார்க்கிறேன். அதுவும் என்னைப் பார்க்கிறது. இதுவரை எங்களுக்குள் ஒரு தகராறும் இல்லை.

"காலையில ஆறு மணிக்கா? மரமே எழுந்திருக்காதும்மா!"

"பேரு குடுத்தாச்சு. ரெண்டு பேர்."

உடனே சரி என்றேன். நான் உடனே சரி என்றால் கையில் திட்டம் இருக்கிறது என்று அர்த்தம். வரிசையில் கடைசியாக நடப்பது. முதல் வளைவில் நழுவி, காட்டு வேலியில் எங்கள் தெருப்பக்கம் திறக்கும் சின்னக் கதவு வழியாக வீடு, கட்டில். ஒன்பது மணிக்குத் திரும்பி வந்து, "அடடா, என்ன காத்து!" என்று பெருமூச்சு விடுவது.

காட்டு வாசலில் வழிகாட்டி தலைகளை எண்ணினார். இருபத்திரண்டு.

"ஒருத்தர் கடைசியா நடக்கணும். அவருக்குப் பின்னாடி யாரும் தங்கக் கூடாது. திரும்பி வந்து கணக்கு சரியாகாம ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது. யாரு வர்றீங்க?"

"எங்க வீட்டுக்காரர்!" என்றாள் என் மனைவி. "கடைசியா நடக்கறதுன்னா அவருக்கு உயிர்."

ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டி, கழுத்தில் ஒரு விசிலையும் தொங்கவிட்டார்கள். அடுத்த ஊருக்கே தெரியும் சட்டையில் எங்கே நழுவுவது?

எனக்கு முன்னால் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். நாற்பது வருஷம் நடந்ததற்கு இப்போது நின்று பழி தீர்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்தப் பூதக்கண்ணாடியைப் பிடிங்க. எறும்பு என்னமா வேலை செய்யுது!"

"ஞாயித்துக்கிழமையுமா? பாவம்."

குனிந்தோம். கால் மணி நேரம் நிமிரவில்லை.

ஒன்பது மணிக்கு வாசலில் மறுபடியும் எண்ணினார். இருபத்தொன்று. இன்னொரு தடவை எண்ணினார். இருபத்தொன்றேதான். என் மனைவியைக் காணோம். போனும் அணைந்திருந்தது.

"சார், கடைசி ஆள் நீங்கதானே?"

இருபது பேரும் என்னை முறைத்தார்கள். பாம்பு கடித்ததோ, பள்ளத்தில் விழுந்தாளோ! வந்த வழியே ஓடினேன். விசில் ஊதினேன், தொண்டை கிழியக் கத்தினேன். திட்டம் போட்ட பாவி நான், தண்டனை அவளுக்கா? சத்தியமாகக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் பார்த்தேன், அந்தச் சின்னக் கதவு திறந்து கிடந்தது. வீட்டுக்கு ஓடினேன்.

கட்டிலின் நட்டநடுவில், என் தலையணையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! எப்படி வந்தே?"

"நீங்களும் பெரியவரும் எறும்பு பாத்துட்டிருந்தப்ப, உங்க முதுகுக்குப் பின்னாடியேதான் நழுவி வந்தேன்."

"எதுக்கு?"

"நடக்கப் போற மனுஷன் ஃபேனை ஓட விட்டு, ஜன்னல் திரையை இழுத்து விட்டு, போர்வையைப் பிரிச்சு வெச்சுட்டா கிளம்புவார்? இவ்வளவு செஞ்சு வெச்சிருக்கீங்க. வீணாக்கலாமா?"

கழுத்தில் தொங்கிய விசிலைத் தூக்கிக் காட்டினேன்.

"அங்க இருபது பேர் வாசல்லயே நிக்கறாங்க! உன்னால யாரும் வீட்டுக்குப் போக முடியலை!"

"கிடைச்சுட்டேன்னு போய்ச் சொல்லுங்க." புரண்டு படுத்தாள். "போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க, வெளிச்சம் கண்ணுல அடிக்குது."