முப்பதாவது நிமிடத்தில் நின்ற பாட்டு

யாழினி, கவின், ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சேர்த்துப் பேசத் தெரியாமல், தொண்ணூறுகளில் வந்த ஆங்கிலப் பாட்டு அத்தனையும் தெரிந்த ஒரே மனிதர் இந்த மலையிலேயே உங்கள் பள்ளிக்கூட வேன் மாமா டாப் டென்தான். அவரைப் பற்றி எங்களுக்கே எழுதுகிறீர்களா அப்பா என்று சிரிக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது.

வேன் ஓட்ட வருவதற்கு முன்னால் அவர் குன்னூரில் ஒரு கேசட் பதிவுக் கடையில் வேலை பார்த்தார். ஹாஸ்டல் பையன்கள் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுப்பார்கள், இவர் பதிந்து கொடுப்பார். அந்த வாரம் எந்தப் பாட்டு எத்தனையாவது இடம் என்று கடைக் கண்ணாடியில் எழுதி ஒட்டுவதும் இவர்தான். கடையை மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை.

"நல்லா இருக்கீங்ளா?" என்று கேட்டால், "இந்த வாரம் நாலாவது இடமுங்ணா. போன வாரம் ஏழு" என்பார். உங்க அம்மா கொடுத்தனுப்பிய கேரட் பொரியல் அவர் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. கேரட் வதக்கிய எண்ணெய் நான் வாங்கியது. அதை யாரும் சொல்லவில்லை.

வேனில் ஏறினால் பரீட்சை. கேசட்டை இரண்டு விநாடி ஓடவிட்டு நிறுத்துவார். பாட்டைச் சொன்னால் முன் சீட்டு. ஒரு நாள் நானும் ஏறினேன். டொய்ங் என்று ஒரு சத்தம்.

"சொல்லுங்ணா!"

"கிடாருங்களா?"

வேனே சிரித்தது. வழியில் ஏறிய கேத்தி விவசாயி ஒருவர், கேரட் மண் கையோடு, பாட்டின் பெயரையும் அது பட்டியலில் எத்தனை வாரம் நின்றது என்பதையும் சொல்லி முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் நீ, யாழினி. உன்னைப் பெற்ற நான் பின்னால் முட்டைக்கோஸ் மூட்டை மேல்.

அந்த வாரம்தான் கவின் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினான்.

"அப்பா, நீங்க இந்த வாரம் ஆறாவதுங்கப்பா."

"மொதல்ல யாரு?"

"டாப் டென் மாமா."

"ரெண்டாவது?"

"அவரு வேனு."

ஐந்தாவது யார் என்று நான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு நாயின் பெயரை நானே படித்துக்கொண்டேன்.

எரிந்தது. தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்தும் டிரையர் ஓட்டுகிறவனுக்குச் சூடு புதிதில்லை, ஆனால் இது வேறு சூடு. பத்தாவது தாண்டாத நான், சாப்பாட்டு நேரத்தில் போனில் அந்தப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதினேன். ஒவ்வொன்றையும் முழுசாக, கடைசி வரை. கூட வேலை செய்கிறவர்கள், "ஏனுங்க, ஃபாரின் போறீங்ளா?" என்று கேட்டார்கள்.

பொங்கலுக்கு ஊர் மண்டபத்தில் பழைய ஆங்கிலப் பாட்டுப் போட்டி வைத்தார்கள். பெரியவர் ஒருவர், பிள்ளை ஒருவர் சேர்ந்தால் ஓர் அணி. யாழினி, நீ என் நோட்டைப் பார்த்திருந்தாய். இருந்தும் டாப் டென்னைத்தான் கூப்பிட்டாய். நான் மூன்றாவது வரிசையில் கைதட்ட உட்கார்ந்தேன்.

அன்றைக்கு அவர் போட்ட போடு! பாடகன் மூச்சு இழுக்கும்போதே பாட்டைச் சொன்னார். கடைசிக் கேள்வி வரும்போது நீங்களும் இன்னோர் அணியும் சமம். அந்தக் கேள்விக்குப் பாட்டின் முடிவை மட்டும் போட்டார்கள். வாத்தியமெல்லாம் அடங்கி, ஓர் ஆள் தனியாக முனகிக்கொண்டே போகிறான்.

டாப் டென் முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, சொல்லுங்க மாமா!"

"இது நா பதிஞ்ச பாட்டே இல்ல பாப்பா."

பதிந்த பாட்டுதான். கேசட்டின் ஒரு பக்கம் முப்பது நிமிடம். நீளமான பாட்டைக் கடைசியில் போடுவது அந்தக் கடை வழக்கம். இடம் போதாவிட்டால் அந்த ஒன்றுதான் வெட்டுப்படும். டேப் தீர்ந்ததும் மெஷினை அணைத்துவிட்டு அடுத்த கேசட்டை எடுப்பார். எத்தனையோ தடவை பதிந்தும், அந்தப் பாட்டு முடிவதை அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

எனக்குத் தெரிந்தது. எழுந்து நின்று பாட்டின் பெயரைக் கத்தினேன்.

சபையில் இருந்த நான் சொல்லிவிட்டதால், புள்ளியை எதிரணிக்குக் கொடுத்தார்கள். நீ அழுதாய். கவின் அங்கேயே, "பத்தாவது!" என்றான். வாய் தவறிவிட்டது என்றேன்.

டாப் டென் கோபப்படவில்லை. வேனுக்குள் எங்களை ஏற்றி அந்தப் பாட்டு இருந்த கேசட்டைப் போட்டார். பாட்டு பாதியில் டக்கென்று நின்றது. "இங்கதானுங்ணா நிக்கும். இதுக்கப்புறம் ஒண்ணு இருக்குதுங்ளா? உங்க போன்ல போடுங்க." போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் உங்களைப் பார்த்து, "முழுப் பாட்டுக் கேட்ட ஆளு சாமி. உங்கப்பாதான் மொத எடம்" என்றார். அவர் சொன்னதற்காக என்னைப் பட்டியலில் மேலே ஏற்றினீர்கள்.

இப்போது அந்த விஷயம். என் வாய் தவறவில்லை. ஓர் அணியின் வீட்டார் சபையிலிருந்து விடை சொன்னால் புள்ளி எதிரணிக்குப் போய்விடும் என்று ஆரம்பத்திலேயே விதி படித்தார்கள். என் காதில் நன்றாக விழுந்தது. நான் கத்தும்போது அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியும்.

போன மாதம் வேனை விற்றுவிட்டு மகள் இருக்கும் திருப்பூருக்கு அவர் போய்விட்டார்.

நேற்று ஃபேக்டரியில் கரண்ட் போய் டிரையர் நின்றது. எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நான் மட்டும் இருந்து அந்தப் பாட்டைப் போனில் போட்டேன். முடிவு எனக்கு மனப்பாடம். ஆனாலும் அவர் கேசட் நிற்கும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன்.