முடிந்துவிடக் கூடாத கம்ப்யூட்டர்

எடுத்த வேலையை எப்படி முடிப்பது என்று ஊரே மண்டையை உடைத்துக்கொள்கிறது. எப்படி முடிக்காமல் இருப்பது என்று உடைத்துக்கொண்டவன் நான் ஒருவன்தான். எல்லாம் ஓர் அறைக்காக.

எங்கள் பின்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன். டிவியில் மாட்டி ஓட்டுகிற அந்தக் காலத்துச் சாமான். சின்ன மாடல். இதற்கு ஓர் அண்ணன் உண்டு, பெரிய மாடல். இரண்டுக்கும் உள்ளே ஒரே போர்டுதான். காலியாக விட்ட இடங்களில் மெமரி சிப்புகளைச் செருகி, ஒரு ஒயரை இடம் மாற்றி ஈயம் வைத்துப் பற்றவைத்தால், தம்பி அண்ணனாகிவிடுவான்.

"சின்னதைப் பெரிசாக்குற வேலை முடியிற வரைக்கும்தான் ரூம் உங்களுக்கு. முடிஞ்சதும் என் தையல் கிளாஸுக்கு" என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

தாராளமாகத் தலையாட்டினேன். சனிக்கிழமைகளில் அவள் கடைத்தெருவுக்குப் போனதும் சின்னதைப் பெரியதாக்குவேன். ஆசை தீர ஓட்டுவேன். அவள் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி சின்னதாக்கிவிடுவேன். இத்தனை பதவி உயர்வும் பதவி இறக்கமும் பார்த்த ஆள் எந்த ஆபீஸிலும் இருக்க மாட்டான்.

"என்னங்க, ஆச்சா?"

"எங்க ஆச்சு? ஒயர் மக்கர் பண்ணுது."

"அன்னிக்கு சிப்பு மக்கர் பண்ணுச்சுன்னீங்க?"

"பழைய மிஷின்மா. பொறுமை வேணும்."

"அதுக்கா, எனக்கா?"

போன சனிக்கிழமை அவள் கடைக்குப் போகவில்லை. எதிர்வீட்டுப் பல் டாக்டரைக் காபிக்குக் கூப்பிட்டிருந்தாள். அவருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். 'ஆ காட்டு' என்று சொல்லாததுதான் குறை.

"சார், தப்பா நினைக்காதீங்க. இது உங்களால ஆகாது."

"என்ன சார் சொல்றீங்க?"

"ஈயம் வச்சிருக்கிற லட்சணத்தைப் பாருங்க. எங்கிட்ட குடுங்க, ஒரே நாள்ல பெரிய மாடலாக்கித் தர்றேன்."

மனைவி பெருமூச்சு விட்டாள். "குடுத்துடலாங்க. பாவம், உங்களுக்கு வரல."

எனக்கு ரத்தம் கொதித்தது. என் மிஷினை இன்னொருத்தன் தொடுவதா?

"எனக்கா வரல? எத்தனை தடவை பெரிய மாடலாக்கியிருக்கேன் தெரியுமா? கண்ணைக் கட்டிக்கிட்டே செய்வேன்!"

"சும்மா அளக்காதீங்க சார்."

விடுவேனா? சாக்ஸ் டப்பாவில் ஒளித்திருந்த சிப்புகளை எடுத்துவந்து செருகினேன். ஒயரை மாற்றினேன். டிவியைப் போட்டேன். பெரிய மாடலின் பெயர் பளிச்சென்று வந்தது.

"பாருங்க! முடிஞ்சுது!" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

டாக்டர் டிவியைப் பார்க்கவே இல்லை. டேப் வைத்துச் சுவரை அளந்துகொண்டிருந்தார்.

"மேடம், தையல் மிஷின் ஜன்னல் பக்கம்தானே? என் வீட்டுக்காரி நாளைக்கே கிளாஸுக்கு வந்துடுவா."

இப்போது என் கம்ப்யூட்டர் தலையணை உறைக்குள், பீரோ மேல். நான் மட்டும் தினமும் அதே அறையில்தான் இருக்கிறேன். கிளாஸுக்கு வருகிறவர்கள் கோணலாகத் தைத்ததையெல்லாம் மனைவி என் மடியில் கொண்டுவந்து கொட்டுகிறாள்.

"எல்லாத்தையும் பிரிச்சு வையுங்க. செஞ்சதைப் பிரிக்கிறதுல உங்களை அடிச்சுக்க ஆளே இல்லையே!"