கம்பளியாரின் சோறு தூங்குகிறது

நாமக்கல் கோழிப் பண்ணைகளில் குஞ்சுகளுக்குக்கூடக் கிடைக்காத கதகதப்பு, எங்கள் கம்பளியாரின் சோற்றுக் குண்டானுக்குக் கிடைத்தது.

லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் நான் சேர்ந்த புதிது. அங்கே முப்பது பேருக்குச் சமைத்தவர் அவர். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. அடுப்பு எரிந்தாலே அவருக்கு ஆகாது. "அது எரியறப்ப என்ற வயிறும் சேந்து எரியுதுங்க" என்பார். அரிசி நன்றாக ஒரு கொதி வந்ததும் காஸை அணைப்பார். குண்டானை இறக்கி, லாரி சீட்டுக்கு வெட்டி மிஞ்சிய பஞ்சு, ரெக்சின், அதன்மேல் இரண்டு கம்பளி என்று சுற்றி, தார்ப்பாய்க் கயிற்றால் லோடு கட்டுகிற முடிச்சைப் போடுவார். மிச்சத்தை உள்ளே இருக்கும் சூடே பார்த்துக்கொள்ளும். மார்கழிக் குளிரில் எங்களுக்குக் கம்பளி கிடையாது, சோற்றுக்கு உண்டு.

பக்கத்தில் யாராவது சுத்தியலைத் தட்டினால் தொலைந்தார்கள். "மெதுவாப்பா! சோறு தூங்குது!"

சத்தமில்லாமல் லாரிக்கு எப்படி பாடி கட்டுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. குழம்புக் கரண்டி அவர் கையில் அல்லவா இருந்தது!

முதலாளிக்கு மட்டும் நம்பிக்கையே இல்லை. "வெள்ளிக்கெழம லாரி எடுக்க ஆளுங்க வாராங்க. அன்னிக்குச் சோறு வேகலீன்னா, கம்பளியோட நீங்களும் கெளம்பிக்கலாமுங்க."

அந்த வெள்ளிக்கிழமை நான் ஆற்றிய தொண்டு இருக்கிறதே! பொறியியல் படித்தவன் சும்மா இருப்பேனா? சூடு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க வெப்பமானியோடு வந்தேன். அவர் அந்தப் பக்கம் காய் நறுக்க, நான் இந்தப் பக்கம் மூட்டையைப் பிரித்து, மூடியைத் திறந்து, குறித்துக்கொண்டு, திரும்பக் கட்டினேன். ஏழு தடவை.

மதியம் பந்தியில், அரைவேக்காட்டுச் சோற்றில் முதல் வாய் வைத்த முதலாளி, "ஏனுங்க, இதக் கோழிக்குப் போட்டா அது நம்மளக் கொத்துமுங்க" என்றார்.

பரிமாறும் அவசரத்தில் அவிழ்க்காமலே உருவிப் போட்ட கயிற்றைக் கம்பளியார் இப்போதுதான் பார்த்தார். அது லோடு முடிச்சு அல்ல. ஷூவுக்குப் போடுகிற முடிச்சு. என் காலைப் பார்த்தார். பட்டறையில் ஷூ போட்டவன் நான் ஒருவன்தான். கம்பளிகளை மடிக்கத் தொடங்கினார்.

எனக்குத் தாங்கவில்லை. "நான்தாங்க தொறந்தேன். ஏழு தடவ."

"ஏழா?" வேலை போவதைத் தாங்கிய மனிதர் இதற்கு அலறினார். "தூங்கற கொழந்தைய ஏழு வாட்டி எழுப்புனா அது உருப்படுமா சாமி?"

லாரி எடுக்க வந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். முதலாளியும் வேறு வழியில்லாமல் சிரிக்க, கம்பளியாரின் வேலை தப்பியது. ஒரு மாதத்துக்குக் குண்டான் காவல் எனக்கு.

இப்போது சேலத்தில் நண்பனோடு அறை. என் ஒரே ஸ்வெட்டருக்குள் சோற்றுப் பாத்திரம். நேற்று அவன் மூடியைத் திறக்கக் கை நீட்டினான்.

"மெதுவாடா," என்றேன், என்னை அறியாமல். "தூங்குது."