சங்கரிக்காகப் பத்து கிலோமீட்டர்

ஓடியே தீருவது என்று முடிவெடுத்துவிட்டார் நெசவாளி வீரபாகு. அதுவும் பத்து கிலோமீட்டர். காஞ்சிபுரத்தில் கிளம்பி ஏனாத்தூர் போய்த் திரும்பும் புற்றுநோய் விழிப்புணர்வு ஓட்டம். நோயோடு போராடிய, தமக்கு வேண்டியவர் பெயரைப் பனியனில் போட்டுக்கொண்டு ஓடலாம். வீரபாகுவின் முதுகில் ‘என் சங்கரிக்காக’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

சங்கரி அவர் மனைவி. போன வருஷம் மார்பில் கட்டி, ஆபரேஷன், ஆறு கீமோ. இப்போது கொட்டிய முடி சுருட்டையாக வளர்ந்துவிட்டது. கூடவே பழைய அதிகாரமும் வளர்ந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் வீரபாகு பேர் கொடுத்தார். கொடுத்த பிறகுதான், தெருமுனை டீக்கடைக்கே மொபெட்டில் போகிற ஆள் தான் என்பது ஞாபகம் வந்தது.

“உங்களால ஆவுமாங்க?”

“இன்னா இப்படி கேட்டுட்ட? முப்பது வருஷமா தறியில நாடா ஓட்டறேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அது ஓடின தூரத்தைக் கூட்டினா டில்லிக்கே போயிட்டு வரலாம்.”

“நாடாதான் ஓடிச்சு. நீங்க உக்காந்துக்கினுதானே இருந்தீங்க?”

வீரபாகு யோசித்தார். முதல் கிலோமீட்டரில் நண்பர் ஜெயக்குமாரின் தெருவுக்குள் நழுவுவது, அவர் வீட்டில் காபி குடிப்பது, ஏனாத்தூர் போனவர்கள் திரும்பும்போது கலந்துகொள்வது. பிரமாதமான திட்டம். உடனே ஜெயக்குமாருக்குப் போன் போட்டு ரகசியமாகச் சொன்னார்.

தறிச் சத்தத்துக்கு மேல் கத்தியே பழகிய தொண்டை அது. அன்றைக்குத் தறி நின்றிருந்ததை மறந்துவிட்டார். ரகசியம் மூன்று வீடு தள்ளிக் கேட்டது. அடுப்படியில் இருந்த சங்கரிக்குக் கேட்காமல் இருக்குமா?

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கொடி அசைந்தது. முக்கால் கிலோமீட்டரிலேயே நாக்கு வெளியே வந்துவிட்டது. இப்படியும் அப்படியும் பார்த்து ஜெயக்குமார் தெருவில் நுழைந்தார்.

நுழைந்தவர் நின்றார். தெரு நெடுக அரக்கு நிறத்தில் பட்டு நூலை இழுத்துக் கட்டித் தறிக்குப் பாவு போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ஜெயக்குமார் வீட்டு வாசலில் காபி ஆவி பறந்தது. பாவைத் தாண்டுவது பாவம் என்று வளர்ந்தவர் வீரபாகு. காலைத் தூக்க மனசு வரவில்லை. சுற்றிக்கொண்டு போகலாம் என்று பாவின் கடைசி வரை நடந்தார்.

கடைசியில் பாவு கட்டிய கோலைப் பிடித்துக்கொண்டு சங்கரி நின்றிருந்தாள்.

“இது... நம்ம பாவாச்சே!”

“நம்மளுதுதான். இன்னிக்கு ஒரு நாள் இங்க போடலாம்னு எடுத்தாந்தேன். நீங்க இன்னாங்க இந்தப் பக்கம்?”

“மூச்சு வாங்குது சங்கரி. முடியல.”

“எனக்குந்தான் அப்ப முடியல. ஆறு கீமோல ஒண்ணையாவது குறுக்குச் சந்துல போயி முடிச்சிட்டேனா?”

அந்த ஆறு தடவையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, இவள் இல்லாத வீட்டுக்கு எப்படித் திரும்புவது என்று நடுங்கியவர் வீரபாகு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கே திரும்பினார். ஓடினார், நடந்தார், நொண்டினார். ஓட்டம் முடிகிற இடத்தில் பந்தலைப் பிரிக்கிற நேரத்தில் கடைசி ஆளாக வந்து சேர்ந்தார்.

சங்கரி ஓடிவந்து, ஊரே பார்க்க அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

“நெஜமாவே ஓடிட்டீங்களே!”

வீரபாகுவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “இது இன்னா பெரிய தூரம்? இன்னும் ஓடுவேன்!”

“எனக்காக மட்டுந்தானா? எங்க வீட்டாளுங்களுக்கும் ஓடுவீங்களா?”

“உங்க வீட்ல யாருக்கு வேணும்னாலும் ஓடுவேன்!” பந்தல் பிரித்தவர்கள் கைதட்டினார்கள்.

“நெனச்சேன். அதான் பேர் எழுதற அந்த மேசையில உங்க பேரைக் குடுத்துட்டு வந்தேன். எங்கம்மா சர்க்கரைக்கு அடுத்த மாசம் இருபத்தோரு கிலோமீட்டர். எங்கப்பா மூட்டு வலிக்குத் தையில ஒண்ணு இருக்குதாம், அது நாப்பத்திரண்டு.”