மிளகாய் நெடி அடிக்கும் ஜப்பான் கேமரா

கள்ளக்குறிச்சி,
அக்டோபர் 1987

மதிப்புக்குரிய மச்சான் சுபைர் அவர்களுக்கு, நாட்டுமருந்துக் கடை கரீம் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உங்கள் தங்கை ரம்ஜான் பீவியும் மகள் ஷம்ஷாத்தும் சுகம். சென்னையில் உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கத்தான் சொல்லியிருந்தேன். நீங்கள் குடித்ததாகக் கேள்விப்பட்டதிலிருந்து ஒரே கவலை.

விஷயம் அந்தக் கேமராதான். என் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தானே, மேலும் கீழுமாக இரண்டு கண் வைத்த ஜப்பான் கேமரா, அதை விற்று ஷம்ஷாத்துக்கு ஒரு தையல் மெஷின் வாங்கிவிட வேண்டும். பத்தாவது முடித்துவிட்டு வீட்டோடு இருக்கிறாள். நாளைக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும், எதற்கும் யாரிடமும் போய் நிற்கக் கூடாது, இதுதான் என் ஆசை.

முதலில் விலை கேட்க ஸ்டூடியோ காசிநாதனிடம் போனேன். அவர் லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இன்னா பாய், உள்ள பூஞ்சை பூத்துக்கினு கீது. பாதி வெலைதான் போவும்" என்றார். வீட்டில் வந்து சொன்னேன். பூஞ்சைக்கு வெயில்தானே மருந்து என்று உங்கள் தங்கை, மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த மிளகாய்க்கு நடுவிலேயே கேமராவையும் மூடியைத் திறந்து வைத்துவிட்டாள். மருந்துக்கடைக்காரனாகிய நானும் நல்ல யோசனை என்று மெச்சினேன், பொய் சொல்லக் கூடாது. மறுநாள் காசிநாதன் குனிந்து கேமராவுக்குள் கண்ணை வைத்தார். அப்புறம் தும்மினார் பாருங்கள், ஸ்டூடியோவில் தொங்கிய தாஜ்மகால் திரையே ஆடிப்போய்விட்டது. "பாய், இது கேமராவா, மொளகா அரைக்கிற மிஷினா?" என்று கேட்டு, பாதி விலையையும் பாதியாக்கிவிட்டார்.

அப்புறம் விழுப்புரத்து வியாபாரி ஒருவர், ஒரு ஃபிலிம் ரோல் போட்டு எடுத்து வையுங்கள், படத்தைப் பார்த்துத்தான் விலை என்று சொல்லியனுப்பினார். போட்டேன். இந்தக் கேமராவில் மேலிருந்து பார்த்தால் இடமும் வலமும் மாறித் தெரிகிறது. ஆள் ஓரமாக நிற்கிறாரே என்று நான் நகர்ந்தால் அவர் இன்னும் ஓரமாகப் போகிறார், நான் விடாமல் துரத்த, கடைசியில் கடுக்காய் மூட்டையில் விழுந்தேன். "குடுங்கத்தா" என்று ஷம்ஷாத் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு எப்படியோ கைவந்துவிட்டது.

அதற்குள் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் வந்தது. பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். ஆனால் ரோடெல்லாம் மரம் கிடக்க, பஸ் நின்றுபோய், விழுப்புரத்துக்காரர் வரவே இல்லை. கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் விற்க வந்த பச்சையம்மாளும் திரும்ப வழியில்லாமல் நம் வீட்டில் தங்கினார். அவர்தான் ஆரம்பித்து வைத்தது. "என்ன ஒண்ணு புடி கண்ணு. ஸ்டூடியோவுல போனா சிரிக்காத, அசையாதன்றாங்க. நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்றார். ஷம்ஷாத் அவரை நன்றாகச் சிரிக்க விட்டு எடுத்தாள். காசிநாதன் கழுவிக் கொடுத்த அந்தப் படம் தெரு முழுக்கச் சுற்றியது. பாஸ்போர்ட்டுக்கும் பேங்குக்கும் போட்டோ தேவைப்பட்டும், ஆம்பிளை முன்னால் முக்காட்டைத் தள்ளி உட்காரக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டிருந்த நம் தெருப் பெண்கள் அத்தனை பேரும் இப்போது நம் வீட்டில்தான். வாசலில் கல்யாண வீடு போலச் செருப்பு. எனக்கு உள்ளே போக அனுமதி இல்லை, மச்சான். கொல்லைப் பக்கம் நின்று சோறு வாங்கித் தின்கிறேன்.

எனக்கு வயிறு எரிகிறது. இப்படிப் படம் எடுத்துத் தள்ளினால் கேமரா தேய்ந்துபோகாதா? அப்புறம் யார் விலை கொடுப்பார்கள்? ஆகையால் கேமரா வாங்குவார் என்று நீங்கள் சொன்ன சென்னை ஆளை உடனே அழைத்து வாருங்கள். பூஞ்சையைப் பற்றி நீங்களாக வாயைத் திறக்க வேண்டாம். அவர் தும்மினால், எங்கள் ஊர்ப் பனி அப்படி என்று சொல்லிவிடலாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் சலாமும் பிள்ளைகளுக்கு துஆவும் சொல்லவும். தைலத்தைக் குடிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கரீம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் பசை தேடும்போது ஷம்ஷாத் வந்து, "அத்தா, அந்தக் கேமராவ நானே வாங்கிக்கிறேன்" என்றாள். நான் ஜப்பான், சிங்கப்பூர் என்று ஆரம்பித்தேன். "பூஞ்ச இருக்குது, மொளகா நெடி அடிக்குது, நீங்க மூட்டயில வுழுந்தப்ப கேமரா மூல வேற நசுங்கிப் போச்சு" என்று காசிநாதனே கூசும்படி விலையைக் குறைத்து, தெருப் பெண்கள் கொடுத்த பணத்தை என் கையில் வைத்தாள். என் கேமரா சம்பாதித்த பணத்தில் என் கேமராவையே என்னிடம் வாங்கிய பெண்ணைப் பெற்றிருக்கிறேன், மச்சான். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே தையல் மெஷின் வாங்கக் கிளம்பினேன். "எனக்குத்தான வாங்கப் போறீங்க? அதுக்குப் பதிலா ஒரு ஃபிளாஷ் வாங்கிக் குடுங்க. வூட்டுக்குள்ள வெளிச்சம் கம்மி" என்று என் கையிலிருந்த பணத்தைக் காட்டினாள். ஆகவே ஆளை அழைத்து வர வேண்டாம். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு, அங்கே பழைய ஃபிளாஷ் ஒன்று விசாரித்து வாங்கி வரவும். எவன் என்ன பெருமை பேசினாலும் நம்பாமல், ஒரு முறை முகர்ந்து பார்த்து வாங்கவும்.